வாசலிலா, உள்ளேயா

டோக்கன் நாற்பத்தொன்று.
செவ்வாய்க்கிழமை, சயான், பெண்கள் பிரிவு.
நனைந்த குடைகள் பெஞ்சுக்கடியில்
ஒன்றன்மேல் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தன.
"பேஷீ" என்று கூப்பிட்டாள் நர்ஸ்.
பேச்சி என்று சொல்லிக்கொடுத்தாலும் பேஷிதான் வரும் இந்த ஊரில்.
கோர்ட்டில் ஆஜராவதற்கு இந்தியில் அந்தப் பேராம்.
எழுந்து ஆஜரானேன்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.
பஸ்ஸில் ஒருத்தியின் முழங்கை விலாவில் இடித்தபோது
'தர்த்' என்று அவளிடமே சொல்லிப் பார்த்தேன்.
ஸாரி என்றாள்.

டாக்டர் சின்னப் பெண். கோட்டில் மிருண்மயி.
குழந்தைகள்? இரண்டு.
வலி எப்போதிலிருந்து? சின்னவனுக்குப் பிறகு.
இல்லை, அதற்கு முன்னாலும்.
எந்த நேரத்தில்?
கதவைப் பார்த்தேன். சாத்தியிருந்தது.
அவர் வரும்போது, என்றேன்.
வேலையிலிருந்து வரும்போது என்று நினைத்திருக்கலாம்.
அவள் நினைக்கவில்லை. பேனாவை மூடிவைத்துக் கேட்டாள்:
வாசலிலா, உள்ளேயா?

சிரித்துவிட்டேன்.
எங்கள் வீட்டில் வாசலுக்கும் உள்ளுக்கும் நடுவே
ஒரு குக்கர்தான் இருக்கிறது.
பத்துக்குப் பன்னிரண்டு. பலகைப் பரணில் மாமியார்.
பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஆவுடையப்பன் வீட்டு டிவி.
மானத்துக்காகப் பல்லைக் கடிப்பதும்
வலிக்காகப் பல்லைக் கடிப்பதும்
இருட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.
இசக்கிராஜ் கெட்டவர் இல்லை.
ஒன்பது வருஷமாக அவருக்குத் தெரியாது.

பஞ்சுக்குச்சியால் ஓரத்தைத் தொட்டாள்.
இங்கே? அங்கே?
பழைய தையல் பக்கம் வந்ததும்
உடம்பு என்னைக் கேட்காமலே இறுகிக்கொண்டது,
கலவரத்தன்று ஷட்டர் இறக்குகிற கடை மாதிரி.
காத்திருந்தாள். சரியா என்று கேட்டுவிட்டு
விரலால் ஆழத்தில் எதையோ தொட்டாள்.
அது முதுகு வரைக்கும் ஓடியது.
அதற்கு என்னிடம் இந்தி இல்லை.

தமிழ் வந்தது,
விடிகாலைக் குழாய்த் தண்ணீர்போல, காற்றும் சத்தமுமாய்.
எரிச்சல், என்றேன், அது வாசலில்.
தையலில் சுருக் சுருக்கென்று.
உள்ளே குடைச்சல். தூரத்துக்கு ரெண்டு நாள் முன்னால் இடுப்புளைச்சல்.
எல்லாம் முடிந்து அவர் தூங்கின பிறகு
விடிகிற வரைக்கும் ஒரு கடுப்பு.

ஒரு வார்த்தை புரியவில்லை அவளுக்கு.
ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.
கடைசியை மட்டும் திருப்பிக் கேட்டாள்: "க்யா? கடு...?"
கடுப்பு.
கேஸ் பேப்பரில் தேவநாகரியில் எழுதிக்கொண்டாள்.

தழும்பு இறுகியிருக்கலாம், என்றாள்.
பால் கொடுத்த மாதங்களில் ஈரம் வற்றியிருக்கலாம்.
கிருமி இருக்கலாம்.
வலிக்கும் வலிக்கும் என்று பயந்தே
தசை பூட்டிக்கொள்ளப் பழகியிருக்கலாம்.
கர்ப்பப்பைக்குள் வளர வேண்டிய ஜவ்வு
வெளியே போய் வளர்ந்திருக்கலாம்
(பட்டா இல்லாத இடத்தில் குடிசை, என்று நான் எடுத்துக்கொண்டேன்).
இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம்.
ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. பார்த்தாலும் சிலது தெரியாது.

இத்தனை 'இருக்கலாம்' யாரும் எனக்குத் தந்ததில்லை.
சந்து டாக்டர் வாயு மாத்திரை தந்தார்.
அக்கா, எல்லாருக்கும் அப்படித்தான், பழகிரும் என்றாள்.
இன்னொரு டாக்டர், மனசில்தான் இருக்கிறது என்றார்.
மனசு எந்த வார்டு என்று கேட்டிருக்க வேண்டும்.

ஸ்கேனுக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி.
அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டு எதுவும் வேண்டாம்,
வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றாள்,
வீட்டில் சொல்வது ஒரு மாத்திரை என்பதுபோல.

வெளியே மழை விட்டிருந்தது.
டெம்போவை ஓரங்கட்டி நின்றார் இசக்கிராஜ்.
என்னவாம்?
பேப்பரை நீட்டினேன்.
இங்கிலீஷைத் தாண்டித் தாண்டி வந்த கண்
ஓரிடத்தில் நின்றது. மராத்தி ஸ்கூலில் படித்தவர்.
க... டு... ப்பு.
நிமிர்ந்தார்.
"யார் மேல?"

ஏறி உட்கார்ந்தேன்.
வண்டியை எடுக்காதீங்க, என்றேன்.
சொல்றேன்.